மணவிலக்குக்குப் பிறகு அப்பா வீட்டு மாடியை விடுதியாக நடத்தலாமா?

கேள்வி அனுப்பியவருக்கு வயது 38. பெங்களூரில் இருந்த குடித்தனம் பரஸ்பர சம்மதத்தில் முடிந்து தீர்ப்பும் கைக்கு வந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளோடு மேலகரத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். அப்பா காலமாகிவிட்டார், அண்ணன் குடும்பம் மஸ்கட்டில். கீழ்வீட்டில் அம்மா, மாடியில் மூன்று அறைகள் சும்மா கிடக்கின்றன. குற்றாலம் பக்கத்திலேயே இருப்பதால் அந்த மாடியைக் குடும்பங்கள் வந்து தங்கும் விடுதியாக்கலாமா, அதில் தானும் மகளும் பிழைக்க முடியுமா, ஆண் துணை இல்லாத வீட்டில் இது சரிவருமா என்று கேட்டிருக்கிறார். ஒரே தொகையாக வாங்கிய ஜீவனாம்சம் கையில் இருக்கிறதாம்.

நடத்தலாம். நானும் மணவிலக்குக்குப் பிறகு இலஞ்சிப் பக்கம் அப்பா வீட்டில் இதே தொழிலைத்தான் செய்துவருகிறேன். இந்த வட்டாரத்தில் இப்படித் தொடங்கும் பெண்களுக்குக் கணக்கும் காகிதமும் பார்த்துக் கொடுக்கிறேன். எனவே கட்டில், மெத்தை, பெயின்ட் எல்லாம் அப்புறம். மாடியில் ஒரு ஆணி அடிப்பதற்கு முன்னால், அந்த வீட்டில் உங்களுக்கு என்ன பாத்தியதை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நடக்கும் தொழில் உங்கள் பேரில் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஆரம்பித்தால், பத்து வருடம் உழைத்தபின்னும் "அம்மா வீட்டில் ஒத்தாசையாக இருக்கிறாள்" என்றுதான் உங்களைப் பற்றிச் சொல்வார்கள்.

வீடு அப்பா சம்பாதித்துக் கட்டியது, உயில் எழுதவில்லை என்றால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் மூவருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற ஆச்சி அப்பா இறக்கும்போது உயிரோடு இருந்திருந்தால் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. (கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு.) கல்யாணம் ஆனதோ மணவிலக்கு ஆனதோ உங்கள் பங்கைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முன்பு அதே சட்டத்தில் 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில் மகள் பாகம் கேட்க முடியாது, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. 2005 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஊரில் பல பெரியவர்கள் இன்னும் அந்தப் பழைய சட்டத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

முதல் வேலையாகத் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்குங்கள். அப்புறம் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு அண்ணனிடம் பேசுங்கள், மைனியும் (அண்ணன் மனைவி) உடனிருக்கும்போது பேசுங்கள். அண்ணன் ஒருவரிடம் மட்டும் சம்மதம் வாங்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்த வீடுகளில், மைனிக்குத் தெரிய வரும்போதுதான் பிரச்சினை கிளம்புகிறது. அவர்களுக்கும் அது வீடுதான், முன்கூட்டியே கேட்கப்படும் மரியாதையை எதிர்பார்ப்பது நியாயம்.

அண்ணன் தன் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை. மாடியை உங்களுக்கு ஐந்து வருடக் குத்தகைக்கு விட்டதாக அம்மாவும் அண்ணனும் எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும், வெறும் ஸ்டாம்பு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்வது நாளைக்கு உதவாது. பத்திரத்தில் இரண்டு வரி கண்டிப்பாக இருக்கட்டும்: மாடியில் நீங்கள் போடும் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, தனிப் படிக்கட்டு முதலியவற்றின் செலவுக் கணக்கு, இடையில் வீட்டை விற்றாலோ பாகம் பிரித்தாலோ அந்தத் தொகையை உங்களுக்குத் தந்துவிட்டுத்தான் மற்றது என்ற உறுதி. அண்ணன் நேரில் வர முடியாவிட்டால் மஸ்கட்டில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதி அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். ஒருவேளை அம்மா தன் பங்கைப் பணம் வாங்காமல் உங்களுக்கே தானசெட்டில்மென்ட்டாக எழுத விரும்பினால், குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்குத் தீர்வை 1 சதவீதம்தான். 2023 ஜூலையில் அதன் உச்சவரம்பை 40,000 ரூபாய் ஆக்கினார்கள். ஆனால் அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள். இருக்கிற வீட்டையும் எழுதிக் கொடுத்துவிட்டால் நாளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் இந்த வயதில் எல்லாத் தாய்க்கும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அக்கா ஏழெட்டு வருடம் மாடியை விட்டுப் பிழைத்தார். பணம் முழுக்க அம்மாவின் வங்கிக் கணக்குக்கே போனது. அம்மா காலமானதும் கணக்கில் இருந்தது மூன்று பாகமானது. அக்கா போட்ட டைல்ஸ், கீசர், கட்டில் எதற்கும் ரசீது அவர் பேரில் இல்லை. தம்பிமார்கள் கெட்டவர்கள் இல்லை. கணக்கு என்று ஒன்று இருந்திருந்தால் கொடுத்திருப்பார்கள். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இலவசம், வீட்டில் இருந்தபடியே உங்கள் பேரில் செய்யலாம். விடுதிக்கென்று தனியாக நடப்புக் கணக்கு, கூகுள் பே ஸ்டிக்கர், ரசீதுப் புத்தகம் எல்லாம் அந்தப் பேரிலேயே. அம்மாவுக்கு மாதாமாதம் மாடிக்கான வாடகையை வங்கி வழியாகவே அனுப்புங்கள், இரண்டாயிரமாக இருந்தாலும் சரி. உங்களுக்கும் ஒரு சம்பளம் என்று எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வருமானம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டில் ரத வீதி முழுக்க வேன் நிற்பதைப் பார்த்துவிட்டு வருடம் பூராவும் இப்படித்தான் என்று நினைப்பவர்கள் உண்டு. உங்கள் மூன்று அறைக்குச் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாடகையை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஸீசன் 12 வாரம், சனி ஞாயிறு இரவுகள் நிறைந்துவிடும் என்று வைத்தால் 72 அறை-இரவு (ஒரு அறை ஒரு இரவு போனால் ஒன்று). இரவுக்கு 2,000 என்றால் 1,44,000. வார நாட்களில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்தால் 60 அறை-இரவு, 1,200 வீதம் 72,000. கார்த்திகை ஒன்றிலிருந்து மகரவிளக்கு வரைக்கும் செங்கோட்டை, ஆரியங்காவு, அச்சன்கோவில் வழியாகப் போகும் ஐயப்ப பக்தர்கள் வருவார்கள். அதில் 60 அறை-இரவு, ஆயிரம் வீதம் 60,000. மிச்சமுள்ள முப்பது வாரத்தில் வாரத்துக்கு இரண்டு என்றால் இன்னொரு 60,000. ஆக 3,36,000. துணி, கரண்ட், சம்பளம், ரிப்பேர், கமிஷன் என்று 40 சதவீதம் கழித்தால் கையில் நிற்பது ஏறக்குறைய 2 லட்சம், மாதத்துக்கு 16,800. கீழ்வீட்டில் அம்மாவோடு வாடகையில்லாமல் இருந்துகொண்டு சாப்பாட்டுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் இது ஓரளவு காணும். மகளின் கல்லூரிக்கு இதிலிருந்தே சேர்க்க முடியாது. அதனால் முதல் இரண்டு வருடம் வேறொரு சிறு வருமானத்தையும் விடாதீர்கள், பெங்களூரில் செய்த வேலையை வீட்டிலிருந்தே கொஞ்சம் செய்ய முடிந்தால் செய்யுங்கள்.

ஸீசனை நம்பிக் கடன் வாங்காதீர்கள். தென்மேற்குப் பருவமழை தள்ளிப்போனால் ஜூன் முழுக்கப் பாறைதான் தெரியும். மழை கூடினாலும் நமக்குக் கஷ்டம். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையனை இழுத்துக்கொண்டு போனதிலிருந்து, தண்ணீர் கொஞ்சம் கூடினாலே குளிக்கத் தடை போட்டுவிடுகிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் தடை என்ற செய்தி டிவியில் ஓடிய அரை மணி நேரத்தில் போன் அடிக்கத் தொடங்கும். முன்பணத்தைத் திருப்பித் தருவதில்லை, ஆறு மாதத்துக்குள் வேறு தேதிக்கு மாற்றித் தருகிறோம் என்று புக்கிங் வாங்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். சண்டை வராது.

ஜீவனாம்சத் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த மாடியில் போடக் கூடாது என்பது என் கறாரான கருத்து. மிச்சத்தை உங்கள் பேரில் வைப்புநிதியாகப் போட்டுவிடுங்கள், அதிலிருந்து கைமாற்று கேட்டு வரும் சொந்தக்காரர்களிடம் "பத்திரத்தில் போட்டாச்சு, எடுக்க முடியாது" என்று சொல்லிவிடலாம். பற்றாக்குறை என்றால் சிறுதொழிலுக்கு வங்கி தரும் முத்ரா கடன் இருக்கிறது: சிசு என்ற வகையில் 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, பிணையம் கேட்க மாட்டார்கள். 2025-26 மத்திய பட்ஜெட்டில் ஹோம்ஸ்டேகளுக்கும் (குடியிருக்கும் வீட்டிலேயே நடத்தும் விடுதி) முத்ரா என்று அறிவித்திருக்கிறார்கள், வங்கியில் அதைச் சொல்லியே கேளுங்கள்.

மாடி வேலையில் பணம் எங்கே போக வேண்டும் என்றால், கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் துணிக்கும்தான். அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் அனுமதி கிடையாது. ஆகையால் வருகிறவர்கள் அறையிலேயே உச்சி முதல் பாதம்வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு, அந்தக் கோலத்தில் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு அருவிக்குக் கிளம்புவார்கள். திரும்பி வந்து அதே தலையணையில் சாய்வார்கள். வெள்ளை உறையும் வெள்ளை விரிப்பும் ஒரே ஸீசனில் மஞ்சளாகிவிடும். அடர் நிறத்தில் எடுங்கள், மெத்தைக்கு ரெக்ஸின் உறை போடுங்கள், எண்ணெய் தேய்க்க மாடி வராந்தாவில் ஒரு பத்தமடைப் பாயும் இரண்டு ஸ்டூலும் போட்டுவிடுங்கள். குளியலறைச் சாக்கடை வாயில் எண்ணெய்ப் பிசுக்கு கட்டியாகும், வாரம் ஒருமுறை வெந்நீர் ஊற்றியாக வேண்டும். இன்னொன்று, சாரல் விழும் மாதங்களில் துணி காயாது. தட்டட்டியில் (மொட்டை மாடியில்) தகரக் கூரை போட்டு அதன்கீழ் கொடி கட்டாமல் முடியாது. கட்டிலுக்கு மூன்று ஜோடி விரிப்பு இருந்தால்தான் ஞாயிறு போகிறவர்களுக்கும் திங்கள் வருகிறவர்களுக்கும் சமாளிக்கலாம். விருந்தினர்களின் ஈரத்துணிக்கும் ஒரு கொடி ஒதுக்கிக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஃபேனிலும் கதவிலும் தொங்கும். ஜன்னலுக்குக் கம்பிவலை கட்டாயம், குரங்குகள் பழம் மணத்தைப் பிடித்து உள்ளே வந்துவிடும்.

சென்னையிலிருந்து பொதிகை ரயிலில் வருகிறவர்கள் காலையில் வந்து இறங்குவார்கள். மதியம் 12 மணிக்குத்தான் அறை என்றால் கைக்குழந்தையோடு எங்கே போவார்கள்? கீழே தார்சாவில் (முன்கூடத்தில்) பை வைக்க இடமும், முகம் கழுவ ஒரு குழாயும், ஆளுக்கொரு கருப்பட்டிக் காபியும் கொடுத்துப் பாருங்கள். அடுத்த வருடம் அதே குடும்பம் நேரே உங்களுக்கே போன் பண்ணும். ஆன்லைன் தளங்களுக்குக் கமிஷன் கட்டி வருகிற ஆட்களை இப்படித்தான் நம் ஆட்களாக மாற்ற வேண்டும்.

சாப்பாட்டை முதல் வருடம் காலை இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அம்மா கையால் செய்த சொதியும் இஞ்சித் துவையலும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, முந்தின நாள் சொல்லியிருந்தால் மட்டும் மதியச் சாப்பாடு. அம்மாவின் முழங்கால்கள் இந்தத் தொழிலுக்கு முதலீடு கிடையாது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேனில் வரும் பெரிய குடும்பங்கள் அரிசி பருப்போடு வந்து தாங்களே சமைப்பார்கள். அவர்களுக்குப் புறவாசலில் அடுப்பும் அண்டாவும் வாடகைக்குக் கொடுக்கலாம். சிலிண்டர் வணிகச் சிலிண்டராக இருக்கட்டும், வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

வேலைக்கு ஆள் வேண்டும். நம் பக்கத்தில் பீடி சுற்றும் அக்காமார் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அன்றன்றைக்கு எண்ணிக்கை முடிக்க வேண்டும். ஆகவே காலை 9 முதல் 12 வரை அறை வேலை, மத்தியானத்துக்குமேல் அவர்கள் இலை வெட்ட உட்காரலாம் என்று நேரம் வகுத்து, மாதச் சம்பளமாகப் பேசுங்கள். ஸீசன் இல்லாத மாதத்திலும் அந்தச் சம்பளத்தை நிறுத்தாதீர்கள்.

ஆண் துணை இல்லையே என்ற கேள்விக்கு வருகிறேன். மாடிக்கு வெளியிலிருந்து தனிப் படிக்கட்டு, கீழ்வீட்டுக்கும் மாடிக்கும் இடையே பூட்டிய கதவு, வாசலிலும் படியிலும் கேமரா, இரவு 10 மணிக்கு வெளிக்கதவுப் பூட்டு. இவை நாலும் இருந்தால் பாதி பயம் போய்விடும். அடையாள அட்டை நகல், வண்டி எண், வந்தவர் எண்ணிக்கை எல்லாம் பதிவேட்டில் ஏறாமல் சாவி கொடுக்கக் கூடாது. இளவட்டங்கள் கூட்டமாகக் கேட்டால் இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. விளம்பரத்திலேயே குடும்பத்தினருக்கு மட்டும், மது கூடாது என்று போடுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அதற்கான படிவத்தில் ஆன்லைனில் ஏற்றிவிட வேண்டும். காவல் நிலையத்துக்கு ஒருமுறை நீங்களே போய், இந்த முகவரியில் இப்படி நடத்துகிறேன் என்று எழுத்தில் கொடுத்து வாருங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் படிக்கட்டில் எழுதியே இருக்கட்டும்.

"வீட்டுக்காரர் எங்க இருக்காரு?" என்று வருகிற பெண்கள்தான் அதிகம் கேட்பார்கள். அவர் வெளியூரில் வேலை பார்க்கிறார் என்று சமாளிக்கச் சொல்லி உங்களுக்கு யோசனை சொல்வார்கள். வேண்டாம். பக்கத்தில் நிற்கும் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "அம்மாவும் நானும்தான் நடத்துதோம், கீழ்வீட்டுல எப்பவும் ஆள் இருக்கும்" என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுங்கள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அப்புறம் அந்தப் பிள்ளையை டீ கொடுக்க, தண்ணீர்க் குடம் வைக்க என்று ஒருபோதும் மாடிக்கு அனுப்பாதீர்கள். அவள் படிக்கவும் தூங்கவும் விருந்தினர் எட்டாத ஒரு அறை கீழே இருக்க வேண்டும்.

சொந்தபந்தம் இன்னொரு பக்கம். ஸீசன் என்றால் அத்தை வீட்டுச் சம்மந்தி, பெரியப்பா மகனின் ஆபீஸ் நண்பர்கள் என்று இலவசமாகத் தங்க வருவார்கள். அண்ணன் குடும்பத்துக்கும் வளைகுடாப் பள்ளிகளின் கோடை விடுமுறை சரியாக அந்த ஜூன், ஜூலையில்தான். ஆகவே அண்ணன் வரும் வாரங்களுக்கு ஒரு அறையை முன்னமே தேதி கேட்டு ஒதுக்கிவையுங்கள். ஒதுக்கியதை மைனியிடம் நீங்களே போனில் சொல்லுங்கள். மற்ற எல்லாருக்கும் வாடகை உண்டு, வேண்டுமானால் வார நாள் வாடகை.

அனுமதிகளில் பெரிய மலைப்பு இல்லை. பேரூராட்சியில் தொழில் உரிமம், சொத்து வரியில் பயன்பாட்டு மாற்றம், மின் இணைப்பை எந்தக் கட்டண வகையில் வைக்க வேண்டும் என்று மின்வாரியத்திடம் எழுத்தில் ஒரு பதில், சாப்பாடு கொடுத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் அடிப்படைப் பதிவு. ஜிஎஸ்டி பதிவு 20 லட்சத்துக்கு மேல்தான், உங்களுக்கு இப்போது தேவைப்படாது. ஆன்லைன் தளம் வழியாக வரும் புக்கிங்குக்கு அந்தத் தளமே வரியைக் கட்டிவிடும். மத்திய சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே திட்டத்தில் சேர உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், 6 அறை, 12 படுக்கைக்கு மேல் கூடாது. உங்கள் வீடு அதற்கு அளவெடுத்தது போலிருக்கிறது.

எப்போது தொடங்குவது? ஜூனில் வேண்டாம். முதல் நாளே மூன்று அறையும் நிறைந்து, தண்ணீர் மோட்டார் நின்று, ஆள் வராமல் போனால் வெறுத்துவிடும். ஐப்பசியில் ஒரே ஒரு அறையைத் திறங்கள். இலஞ்சிக் குமாரர் கோவிலில் முகூர்த்தம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, வெளியூர்ச் சொந்தங்களைத் தங்கவைக்க எப்போதும் இடம் போதாது. கோவில் பக்கத்துப் பூக்கடையிலும் சமையல்காரர்களிடமும் உங்கள் எண்ணைக் கொடுத்துவையுங்கள். கார்த்திகையில் ஐயப்ப பக்தர்களுக்கு இரண்டாவது அறை. தை, மாசியில் கூட்டம் குறைந்திருக்கும்போது கணக்கை எடுத்து வைத்து, கரண்டும் துணியும் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து, மூன்றாவது அறைக்குச் செலவு செய்யலாமா என்று முடிவெடுங்கள். குத்தகைப் பத்திரத்தின் முன்வரைவு தயாரானதும் அனுப்புங்கள், பதிவுக்கு முன்னால் படித்துப் பார்த்துச் சொல்கிறேன். செப்டிக் டேங்கை மட்டும் சித்திரைக்குள் சுத்தம் செய்துவிடுங்கள், வைகாசி பிறந்தால் லாரி கிடைக்காது.